மகளோட குளிர்கோட்டுக் காலர்: நிஜ ஃபரா, போலி ஃபரா?

பாளை_அம்மா | நவம்பர் 9, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். என் மக ஜனவரி முதல் வாரம் மேல்படிப்புக்குக் கனடா போறா. வின்னிபெக். அங்க -30 எல்லாம் சாதாரணம்னு சொல்லுதாவ. நாம மார்கழிப் பனிக்கே காதைச் சுத்தித் துண்டு கட்டுத ஊரு. அதனால முன்னாடியே ஒரு கோட்டு வாங்கிரலாம்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டோம். தலைமூடி வச்சது. அதோட ஓரம் பூரா புசுபுசுன்னு ஃபர்.

போன்ல கேட்டப்ப விக்கவரு "ஃபாக்ஸ் ஃபர்தாம்மா"ன்னாரு. நரித்தோலான்னு எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. மகதான் "அது நரி இல்லம்மா, போலின்னு அர்த்தம். எழுத்து வேற, நம்ம வாயில ரெண்டும் ஒண்ணு மாதிரி வருது"ன்னு சொன்னா. விளம்பரத்துலயும் செயற்கைன்னுதான் போட்டிருந்தது. நம்பிப் பணத்தைக் கட்டிட்டோம்.

நேத்து பார்சல் வந்துச்சு. ராத்திரி டியூப்லைட்டுக்கு நேரா வச்சு அந்த முடியை ரெண்டு கையாலயும் விலக்கிப் பாத்தேன். மேல நீளமா, நுனி கருத்த முடி. அதுக்கடியில சாம்பல் நிறத்துல பஞ்சு மாதிரி நெருக்கமா குட்டி முடி. அதுக்கும் அடியில துணி இருக்கும்னு பாத்தா, வெளிறின மஞ்சள்ல தோலு. பூனைக்குட்டி வயித்து முடிய ஊதினா தெரியுமே, அப்படி. கையை எடுத்துட்டேன். அதுக்கப்புறம் தொடவே மனசு வரல.

விக்கவரு இப்ப போனை எடுக்கல. இது நிஜ ஃபர்தானான்னு எப்படி உறுதி பண்ண? போலி ஃபர் வச்சா அந்தக் குளிருக்குத் தாங்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டவுன்_தையல்காரர் | நவம்பர் 9, இரவு 10:15

தங்கச்சி, ஒரு குண்டூசி எடுத்து முடிக்கடியில குத்திப் பாருங்க. போலின்னா பின்னல் துணியில ஊசி சுலபமா உள்ள போயிரும். தோலுன்னா மல்லுக்கட்டும், அழுத்தித்தான் இறக்கணும். உள்பக்கத் தையல் ஒரு இடத்துல பிரிக்க முடிஞ்சா இன்னும் நல்லது. பின்பக்கத்தைக் கண்ணாலயே பாத்துரலாம்.

விகேபுரம்_மில் | நவம்பர் 10, காலை 6:20

முப்பது வருடம் நூற்பாலையில் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் இருந்தவன் நான். இழையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிஜ முடியின் நுனி ஊசி மாதிரி கூர்ந்து முடியும். போலி ஃபர் கத்தரித்தது, நுனி மொட்டையாக இருக்கும். ஆனால் நல்ல விலைக்கு விற்கும் போலியில் நுனியையும் கூராக்கிவிடுகிறார்கள், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். நாலு முடியைப் பிடுங்கி, இடுக்கியால் பிடித்து, ஒரு எவர்சில்வர் தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். கோட்டில் நெருப்பு வைத்துவிடாதீர்கள். நிஜ முடி சுருண்டு கருகும், நசுக்கினால் சாம்பலாகப் பொடியும். வாசமே சொல்லிவிடும். அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்றால் உருகி, கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். மோடாக்ரிலிக் என்று ஒரு இழை உண்டு, போலி ஃபருக்கும் சவுரி முடிக்கும் அதிகம் பயன்படுவது. அது சுருங்கிக் கருகித் தானாகவே அணைந்துவிடும். எதுவானாலும் மயிர் கருகும் வாசம் வராது.

போலி ஃபரை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்கு உடனே புரியும். கார்டிங்கில் இருந்து ஸ்லைவர் வருகிறதல்லவா, அந்தப் பஞ்சுத் திரியை அப்படியே வட்டப் பின்னல் எந்திரத்துக்குக் கொடுப்பார்கள். ஊசி ஒவ்வொன்றும் கொஞ்சம் இழையை அள்ளிப் பின்னலுக்குள் பூட்டிக்கொள்ளும். பிறகு பின்பக்கம் பசை பூசி, முன்பக்கம் சூடாகச் சீவிப் பளபளப்பாக்கி, அளவுக்கு வெட்டுவார்கள். அடியில் துணி இருப்பதற்கு அதுதான் காரணம். நீங்கள் சொல்லும் சாம்பல் நிற அடிமயிரும் மஞ்சள் தோலும் எனக்குச் சந்தேகமே வைக்கவில்லை.

பாளை_அம்மா | நவம்பர் 10, காலை 8:05

ஊசி இறங்கல. முடியையும் கொளுத்திப் பாத்தேன். கோயில் கொடைக்கு வெட்டுன கெடா தலையைப் பொசுக்கும்போது தெருவே வீசுமே, அதே வாசம். அடுக்களையில ஜன்னலைத் திறந்து வச்சும் போகல.

செயற்கைன்னு சொல்லி நிஜத்தை ஏன் விக்கணும்? நிஜம்னா விலை கூடத்தானே?

வின்னிபெக்_மதினி | நவம்பர் 10, காலை 8:50

அப்படி இல்லக்கா. முழுக் கோட்டுன்னாத்தான் நிஜம் விலை கூட. காலர், தொப்பிக் குஞ்சம், சாவிக்கொத்துப் பந்து இதுக்கெல்லாம் முயல், ரக்கூன் நாய்த் தோலு துண்டு துண்டா மலிவா கிடைக்கு. சில நேரம் நல்ல போலியை விட அதான் விலை குறைச்சல். "நிஜம்னா வாங்க மாட்டாவ"ன்னு லேபிள்ல செயற்கைன்னு ஒட்டி விக்குத சங்கதி பல தடவை வெளிய வந்திருக்கு. ரக்கூன் நாய்ங்கிறது பேருதான் ரக்கூன், பிறப்பு நாய், நரி வகைதான். சாயங்காலம் விவரமா எழுதுதேன், இங்க இப்ப ராத்திரி.

சந்தை_மேலப்பாளையம் | நவம்பர் 10, மதியம் 1:30

தங்கச்சிக்கு நடந்தது ஏமாத்து வேலை, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா மத்ததுல ஒண்ணு கேக்கேன். எங்க வாப்பா காலத்துல இருந்து செவ்வாய்க்கிழமைச் சந்தையில ஆட்டு யாவாரம் பாக்கோம். கறிக்குப் போற ஆட்டோட தோலு திண்டுக்கல்லுக்குப் போவுது, செருப்பாவுது, பையாவுது. அதைப் போட்டுக்கிட்டுத்தான் நாம எல்லாரும் நடக்கோம். அப்ப முடியோட இருந்தா மட்டும் பாவம், முடிய எடுத்துட்டா பாவம் இல்லையா? தோலு மண்ணுல போட்டா மக்கிரும். பிளாஸ்டிக் முடி எங்க போவும்? மனசுல பட்டதைக் கேட்டேன், சண்டைக்கு இல்ல.

மாஞ்சோலை_மகள் | நவம்பர் 10, இரவு 7:45

அண்ணாச்சி, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. நான் யோசிச்சுப் பாத்ததைச் சொல்லுதேன்.

ஆடு நம்ம கூட வாழ்ற சீவன். கீதாரி கூட்டிக்கிட்டுப் போயி மேய்க்காரு, கிடை போடுதாவ, புழுக்கை வயலுக்கு உரமாவுது, கறி சாப்பாடாவுது, கடைசியில மிஞ்சுறதுதான் தோலு. ஃபர் பண்ணையில நடக்கிறது வேற. மிங்க்னு ஒரு பிராணி. அதைத் தோலுக்காக மட்டும்தான் வளக்காங்க, மனுசன் அந்தக் கறியைத் தின்கிறதில்ல. அடியிலயும் கம்பி வலை போட்ட கூண்டு. ஒரு நீளக் கோட்டுக்கு முப்பதுல இருந்து அறுபது மிங்க் வேணும். தோல் கிழியக் கூடாதுன்னு மிங்க்கை வாயு அடிச்சுக் கொல்லுதாங்க, நரிக்குக் கரண்டு வைக்காங்க. நாம ஒரு கெடாவை அப்படிக் கொல்லுவோமா?

இந்த மிங்க் எது தெரியுமா? நம்ம நீர்நாயோட சொந்தம். ஒரே குடும்பம். நான் ஆறாப்பு படிக்கும்போது எங்கப்பா காரையாறு பக்கம் கூட்டிட்டுப் போனாரு. விடிஞ்சும் விடியாத நேரம். பாறை மேல நாலு நீர்நாய், அதுல ரெண்டு குட்டி. தாயி ஒரு மீனைக் கொண்டாந்து பாறையில போட்டுச்சு. குட்டி ரெண்டும் கீச்சுகீச்சுன்னு சண்டை. உடம்பை ஒரு உதறு உதறினதும் மேல் முடி முள்ளு முள்ளா நிக்கு, அடி முடி நனையவே இல்ல. அந்த ரெண்டு அடுக்கு முடிதான் தண்ணிக் குளிர்ல அதுக்கு உசிரு. மிங்க்கும் அதே மாதிரி ஆத்தங்கரையில தனியா அலையுற ஆளு, நீந்தி மீன் புடிக்கிற ஆளு. அதைச் சின்னக் கூண்டுல வச்சா அங்கயும் இங்கயும் ஓடியே பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிருது. பாளை அக்கா விலக்கிப் பாத்த சாம்பல் முடின்னதும் எனக்கு அந்தப் பாறைதான் ஞாபகம் வந்துச்சு.

2020 நவம்பர்ல டென்மார்க்ல என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. பண்ணை மிங்க்குக்குக் கொரோனா தொத்தி, உருமாறி மனுசனுக்கே திரும்பி வந்துச்சு. நாட்டுல இருந்த மிங்க் அத்தனையையும், ஒன்றரைக் கோடிக்கு மேல, கொன்னுட்டாங்க. அவ்வளவு நெருக்கி அடைச்சு வச்சா நோய் வராம என்ன செய்யும்?

இங்கிலாந்துல 2003-லயே ஃபர் பண்ணை கூடாதுன்னு ஆயிட்டு. கலிபோர்னியாவுல 2023-ல இருந்து புது ஃபர் துணி விக்கக் கூடாது. நம்ம நாடும் 2017 ஜனவரியில மிங்க், நரி, சின்சில்லா தோலு இறக்குமதியை நிறுத்திருச்சு. கூந்தன்குளத்துல வீட்டு முத்தத்து மரத்துல நாரை கூடு கட்டி எச்சம் போட்டாலும் யாரும் கல்லெடுக்க மாட்டாவ. அந்த மனசு நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு அண்ணாச்சி.

சந்தை_மேலப்பாளையம் | நவம்பர் 10, இரவு 9:10

தோலுக்காக மட்டும் வளக்கிறதுன்னா அது எனக்கும் ஒப்பாது தாயி. அறுக்குறதுக்கு ஒரு முறை இருக்கு, கணக்கு இருக்கு. அதை ஏத்துக்கிடுதேன்.

ஆனா பிளாஸ்டிக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லல. தாமிரபரணிக் கரையில பாபநாசம் படித்துறையில போயி நில்லுங்க. பரிகாரம்னு உடுத்துன துணியை ஆத்தோட விட்டுட்டுப் போறாவ. பாலியஸ்டர் சேலை, நைலான் வேட்டி பாறையில சுத்திக்கிட்டு வருசக்கணக்கா கிடக்கு. நீங்க சொன்ன நீர்நாய் காலுல அதான் மாட்டும். ஒரு சீவனைக் காப்பாத்துதேன்னு இன்னொரு சீவன் குடிக்கிற தண்ணியில குப்பையைப் போடக் கூடாது.

விகேபுரம்_மில் | நவம்பர் 11, காலை 6:05

சந்தை அண்ணாச்சி சொல்வதைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்தப் படித்துறை என் வீட்டில் இருந்து நடக்கிற தூரம். துணி அள்ளும் வேலைக்கு நானும் போயிருக்கிறேன். ஈரத்தோடு ஒரு சேலையை இழுத்தால் மூன்று சேலை சேர்ந்து வரும்.

அக்ரிலிக் பெட்ரோலியத்தில் இருந்து வருவது. மக்காது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகும். சோளத்தில் இருந்து ஒரு பங்கு எடுத்துச் செய்யும் போலி ஃபரும் வந்திருக்கிறது, மீதிப் பங்கு அதிலும் பாலியஸ்டர்தான்.

ஆனால் ஃபர் தோல் மக்கிவிடும் என்பதை முழுசாக ஏற்க முடியவில்லை. அப்படியே மக்குகிற தோலை யாரும் பத்து வருடம் போட முடியாது. மக்கக் கூடாது என்றுதான் உப்பும் ஃபார்மலினும் மற்ற ரசாயனமும் போட்டுப் பதப்படுத்துகிறார்கள். பதனிடும் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாலாற்றைப் பார்த்தால் போதும். கூண்டில் வளர்க்கும் மிங்க்குக்கு மீனும் கறியும் தீனி, அதன் கழிவு வேறு.

என் கணக்கு இது. போலி ஃபர் வாங்கினால் ஒன்றே ஒன்று வாங்குங்கள். காலர் அளவுக்கு, கழற்றி மாட்டுகிற மாதிரி. கோட்டைத் துவைக்கும்போது காலரைத் துவைக்க வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும். இஸ்திரிப் பெட்டியைக் காட்டவே கூடாது, சூட்டில் முடி பொசுங்கிச் சுருண்டுவிடும். பிறகு எத்தனை சீவினாலும் நிமிராது.

மூன்றாவது வழியும் உண்டு. செம்மறிக் கம்பளி. கொல்லாமல் கத்தரித்து எடுப்பது, உண்மையிலேயே மக்குவது. நம் கீழக்கரிசல், வேம்பூர் வகைச் செம்மறிகளுக்கு அந்தக் கம்பளி கிடையாது, வெறும் முடிதான். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் மெரினோ வகை வளர்க்கிறார்கள். கழுத்துக்குக் கம்பளி மஃப்ளர் ஒன்று கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

திராஸ்_சுபேதார் | நவம்பர் 11, மதியம் 12:20

வள்ளியூர்க்காரன். பட்டாளத்துல இருந்தப்ப லடாக்குல திராஸ்ல ரெண்டு குளிர்காலம் கழிச்சவன். அந்த அனுபவத்தை வச்சுச் சொல்லுதேன் தங்கச்சி.

காலர்ல இருக்க ஃபர் உடம்பைச் சூடாக்காது. சூடு உடம்புல இருந்துதான் வருது, துணி அதை வெளிய விடாமப் புடிச்சு வைக்கு. புடிச்சு வைக்கிறதும் துணி இல்ல, துணிக்கு இடையில நிக்கிற காத்து. அதனால ஒத்தைத் தடிக் கோட்டை விட மூணு அடுக்கு மேல். உள்ளுக்கு வேர்வையை உறிஞ்சி வெளிய தள்ளுற பனியன். காட்டன் கூடவே கூடாது, நனைஞ்சா ஐஸ் கட்டி மாதிரி ஒட்டிக்கிடும். நடுவுல கம்பளியோ, ஃபிளீசுங்குத மெத்துத் துணியோ. மேல காத்து புகாத கோட்டு.

புதுசா வந்த பையனுவ அத்தனையையும் மாட்டிக்கிட்டு ஓடியாடி வேலை செய்வானுவ, வேர்த்துரும். நின்னதும் அந்த வேர்வை குளிர்ந்து நடுக்கம் புடிச்சுரும். குளிரை விட வேர்வைக்குத்தான் நாங்க பயந்தோம். பிள்ளைகிட்ட சொல்லி வைங்க, பஸ்ஸுக்கு ஓடும்போது ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிக்கிடணும். காது, மூக்கு நுனி, விரலு இந்த மூணும் முதல்ல போகும். வெறுங்கையால இரும்பைத் தொடக் கூடாது.

மாஞ்சோலை_மகள் | நவம்பர் 11, மதியம் 1:00

சுபேதார் அண்ணாச்சி சொல்லுத மூணு அடுக்கும் எங்கம்மாவுக்குத் தெரியும்! மாஞ்சோலை பக்கம் ஊத்து எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகும்போது உள்ள ரவிக்கை, அதுக்கு மேல அப்பாவோட பழைய கம்பளி ஸ்வெட்டர், எல்லாத்துக்கும் மேல மழைக்கும் காத்துக்கும் பிளாஸ்டிக் படுதா. இடுப்புல கயிறு கட்டி இறுக்கிருவாங்க. ஃபர்னா என்னன்னே தெரியாது. இப்ப அந்த லயன் வீடே காலி.

வின்னிபெக்_மதினி | நவம்பர் 11, மாலை 6:30

பாளை அக்கா, நான் கடையம் பக்கத்துப் பொண்ணு, இங்க வந்து எட்டு வருசம் ஆச்சு. ஒளிக்காமச் சொல்லுதேன்.

தலைமூடி ஓரத்து ஃபர் அழகுக்கு மட்டும் இல்ல. முகத்துக்கு முன்னால காத்தை உடைக்கிற வேலி அது. -40-ல பனி மேல நாள் முழுக்க வேலை செய்யுத வடக்குப் பக்கத்து இன்யூட் மக்கள் உல்வரின்ங்குத காட்டு மிருகத்தோட முடி, ஓநாய் முடி இதுகளை வைப்பாவ. மூச்சு ஈரம் அதுல உறைஞ்சாலும் தட்டினா உதிர்ந்துரும், அந்தக் குணத்துல போலி அதுக்கு ஈடு இல்ல. அது அவங்க நிலம், அவங்க வேட்டை, கறியையும் தின்னு தோலையும் உடுத்துற வாழ்க்கை. அவங்களை நாம ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா உங்க மக பஸ் ஸ்டாப்புல பத்து நிமிசம் நிக்கப் போறா, அப்புறம் கட்டடத்துக்குள்ள போயி ஸ்வெட்டரைக் கழட்டப் போறா. அதுக்கு நல்ல போலி ஃபரும் மூக்கு வரைக்கும் ஒரு கம்பளி மஃப்ளரும் தாராளம். நான் எட்டு குளிர்காலமும் அப்படித்தான் ஓட்டுதேன். கொயோட்டிங்குத ஓநாய் வகை ஃபருக்குப் பேர்போன கனடா கூஸ் கோட்டுக் கம்பெனியே ஃபரை விட்டுட்டு. 2021-ல அறிவிச்சு, 2022 முடிய நிறுத்திட்டாங்க.

கோட்டையே தூக்கிப் போடாதீங்க. ஃபர் ஜிப்புலயோ பட்டன்லயோ மாட்டியிருக்கான்னு பாருங்க, அப்படின்னா அந்தப் பட்டையை மட்டும் மாத்திரலாம். பூட்ஸை அங்க வாங்காதீங்க, இங்க வந்து வாங்கட்டும். கோட்டு நீளம் முட்டி வரைக்கும் இருக்கா?

பாளை_அம்மா | நவம்பர் 11, இரவு 8:15

முட்டிக்குக் கீழ நாலு விரக்கடை இருக்கு மதினி. ஃபர் ஜிப்புலதான் மாட்டியிருக்கு. இப்பதான் கழட்டிப் பாத்தேன். கோட்டு உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருக்கு.

டவுன் அண்ணாச்சி, போலி ஃபர் வாங்கித் தந்தா நீங்க தைச்சுத் தருவியளா? இங்க யாரும் இது தைச்சதா சொல்லல.

டவுன்_தையல்காரர் | நவம்பர் 11, இரவு 9:50

தைக்கலாம் தங்கச்சி. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சிங்கம், கரடி வேசம் எத்தனையோ தைச்சிருக்கேன், எல்லாம் இதே துணிதான். ஆனா சாதாரணத் துணி மாதிரி கத்தரியை வச்சு ஒரே வெட்டா வெட்டினா போச்சு. ஓரத்து முடியெல்லாம் மொட்டையாயி, தைச்ச இடம் வகிடு எடுத்த மாதிரி தெரியும்.

துணியைக் குப்புறப் போடணும். பின்பக்கம் சாக்பீஸால கோடு போட்டு, பிளேடு நுனியால பின்னலை மட்டும் கீறணும், முடியில படக் கூடாது. கீறி முடிச்சு ரெண்டு பக்கமும் மெல்ல இழுத்தா முடி முழுசா பிரிஞ்சு வரும். தைக்கும்போது முடியை உள்ள தள்ளி வச்சு நெருக்கமா குண்டூசி குத்தி, தையலைப் பெரிசா வச்சு மெதுவா ஓட்டணும். பிறகு நல்ல பக்கம் திருப்பி, தையலுக்குள்ள மாட்டுன முடியை ஒரு கோணி ஊசியால ஒவ்வொண்ணா வெளிய இழுத்து, நாய்க்குட்டி சீவுற சீப்பால சீவினா தையல் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. அதுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆவும்.

வாங்கும்போது முடியை விரலால ஒரு பக்கமா தடவிப் பாருங்க. ஒரு பக்கம் படியும், மறுபக்கம் சிலிர்க்கும். படியுற திசை தலைமூடியில வெளிப்பக்கம் பாக்கணும். அதனால நீளவாக்குல துண்டு கிடைக்கிற மாதிரி வாங்குங்க. நீளமும் குட்டையுமா கலந்த முடியா இருந்தா மதினி சொன்ன காத்து வேலிக்கு நல்லது. ஜிப்போட பாதி கோட்டுலயே இருக்கு, மறுபாதியைப் பழைய பட்டையில இருந்து பிரிச்சு எடுத்துக்கிடுதேன். ஜிப் நீளத்தை மட்டும் அளந்து போடுங்க.

பாளை_அம்மா | நவம்பர் 12, காலை 7:30

ஜிப் 58 செ.மீ. அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை கொண்டாரேன்.

பிரிச்ச தோலை என்ன செய்ய? குப்பையில போட மனசு வரல.

சந்தை_மேலப்பாளையம் | நவம்பர் 12, காலை 9:00

மில் அண்ணாச்சி ரசாயனம்னு சொல்லிட்டாவ, அதனால தோட்டத்துல புதைக்க வேண்டாம் தங்கச்சி. விக்கவோ யாருக்கும் குடுக்கவோ செய்யாதீங்க, திரும்பவும் யாராவது ஆசைப்பட்டுப் போடுவாவ. ஒரு துணியில சுத்திப் பத்திரமா வச்சிருங்க. ஏமாத்தினவன் மேல நுகர்வோர் மன்றத்துக்குப் போகணும்னா அதுதான் சாட்சி.

பாளை_அம்மா | ஜனவரி 19, இரவு 10:30

மக போயி ரெண்டு வாரமாச்சு. அங்க இன்னைக்குக் காலையில -31-ஆம். பஸ் ஸ்டாப்புல நின்னு போட்டோ அனுப்பியிருக்கா. இமை முடியெல்லாம் வெள்ளையா இருக்கு, காலரைச் சுத்தியும் வெள்ளை. உடம்பு சூடாத்தான் இருக்குங்கா, முகத்துலயும் காத்து அடிக்கலையாம். டவுன் அண்ணாச்சி தைச்ச இடத்தை அங்க கூடப் படிக்கிற பிள்ளைகள் தடவிப் பாத்து, கடையில வாங்குனதான்னு கேட்டாவளாம்.

ஒரே ஒரு சங்கடம். வாய்க்கு நேரா இருக்க முடி மூச்சு பட்டு உறைஞ்சு குச்சி மாதிரி விறைச்சுருதாம். ஹீட்டர் மேல காயப் போடவான்னு கேக்கா.

வின்னிபெக்_மதினி | ஜனவரி 19, இரவு 10:55

வேண்டாம்னு இப்பவே சொல்லுங்கக்கா! ஹீட்டர்ல வச்சா சுருண்டுரும். வீட்டுக்குள்ள வந்ததும் கையால மெதுவா உடைச்சு உதறிட்டு, துண்டால ஒத்தி எடுத்து, நாற்காலி முதுகுல மாட்டட்டும். ராத்திரி சீப்பால ஒரு தடவை சீவினா காலையில பழையபடி நிக்கும். மஃப்ளரை மூக்குக்கு மேல இழுத்துக் கட்டினா மூச்சு காலர்ல படாது. அவ நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்க. சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்.